ஐந்து லட்சத்துக்கு ஒரு சிவப்புக் கார்

அத்தியாயம் நான்கு

இராகுலன் ஐந்து மணிக்கு எழும்பினான். முகம் கழுவினான். குசினிக்குள் போய்க் கேத்தலில் தண்ணீர் வைத்தான். குசினி விளக்கு எரியவில்லை. பதினொரு மாதமாக எரியவில்லை. கைபேசி வெளிச்சத்தில் தேயிலைப் பேணியைத் தேடி எடுத்தான். குளிர்பெட்டிக்கு மேல் ஒரு புதுப் பல்ப், பெட்டி பிரிக்காமல் இருந்தது. பெட்டியில் தூசி படிந்திருந்தது. தேத்தண்ணியை நின்றபடி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். ஒரு கோப்பைதான், வேலை சுருக்காக முடிந்தது.

ஆறு மணிக்குச் சவரம் செய்தான். ஆறரைக்குச் சட்டையை ஸ்திரி பண்ணினான். ஏழு மணிக்குப் பிரியதர்சினி வந்து அன்புவழிபுரத்து வீட்டின் கேற்றைத் தட்டினாள்.

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த முகம். வயது இருபத்தாறு. வங்கியில் வேலை. அவளுடைய அக்கா சுகந்தினி ஒன்றரை மாதத்துக்கு முன், ஜனவரி இருபத்திரண்டாம் திகதி, நிலாவெளிக் கடலில் செத்துப்போனாள். சவுக்கு மரங்களுக்கு இடையில் அவளுடைய சிவப்புக் கார் கடலைப் பார்த்தபடி நின்றது. இரண்டு நாள் கழித்து உடல் ஒதுங்கியது. தானே காரை ஓட்டிக்கொண்டு போய்க் கடலில் இறங்கிவிட்டாள் என்று அவள் புருசன் ரஜீவன் சொன்னான். பொலிஸாரும் கோப்பில் அப்படியே எழுதி மூடினார்கள்.

"இண்டைக்கு மூண்டு மணிக்குக் குருநாகலில இருந்து காரை ஏத்த லொறி வருது," என்றாள் பிரியதர்சினி. "அத்தான் காரை விக்கிறார். ஆறு லட்சம் எண்டு போட்டிருக்கிறார். அது அப்பான்ர கார். அக்காவுக்குக் குடுத்தது. எனக்கெண்டு கேட்டா அவர் தரமாட்டார். நீங்கள் காசு குடுத்து வேண்டுங்கோ."

"ஆறு லட்சமோ? அறுபத்தொராம் ஆண்டு, ரெண்டு சீற், ஓடுற நிலையில. கொழும்பில இருபத்தைஞ்சு குடுத்தும் எடுப்பினம்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல." ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள். "ஐஞ்சுதான் இருக்கு. வேற வழியில்லை."

"கார் உங்களுக்கு எதுக்கு?"

"அக்கா சாகிற ஆள் இல்லை, அண்ணா. கார் கையை விட்டுப் போட்டுதெண்டா அதைச் சொல்ல என்னட்ட ஒண்டுமே இருக்காது."

பிறகு கைப்பைக்குள் இருந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். சிறியது, ஆனால் கனமானது. எண்ணெய் மணத்தது. "இதை மாதிரி ஒண்டு பஞ்சிகாவத்தையில பழைய கார்ச் சாமான் கடையளில தேடச் சொல்லி அக்கா அனுப்பினவ. கடை கடையா ஏறி இறங்கினனான். பிறகு தேவையில்லாமப் போச்சு."

இராகுலன் தாளைப் பிரித்துப் பார்த்தான். பார்த்ததைத் திரும்பச் சுற்றித் தன் பைக்குள் வைத்தான்.

"இது உங்கட கைக்கு எப்ப வந்தது?"

"இருபதாம் திகதி இரவு. பின்னேர பஸ்ஸில டிரைவரிட்டக் குடுத்துவிட்டவ. அத்தானுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. பழுதெண்டு தெரிஞ்சா அவர் அடுத்த நாளே இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார். அவர் அப்ப கொழும்பில எங்கயோ நிண்டவர். இருபத்தொண்டு இரவுதான் வீட்டை வந்தவர்."

ரஜீவன் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியையும் அவள் கொண்டுவந்திருந்தாள். இராகுலன் அதை இரண்டு தரம் வாசித்தான். 'ஐந்து நாட்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தொலைபேசியிலும் இல்லை. இருபத்தோராம் திகதி இரவு நான் வந்தபோது அவள் படுத்துவிட்டாள். விடிய எழும்பியபோது அவளும் இல்லை, காரும் இல்லை. அந்தக் காரை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை.'

இந்த இடத்தில், அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்பது வழக்கம். இராகுலன் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

"பொலிசில இன்ஸ்பெக்டர் சஜீத் எண்டு ஒராள் இருக்கிறார். எனக்குத் தெரிஞ்சவர். நான் அவருக்குச் சொல்லிவைக்கிறன். அவரோட போய் இருங்கோ. பத்து மணிக்கு உங்கட போன் அடிக்கும். எடுங்கோ, ஆனா ஒண்டும் கதைக்கவேண்டாம்."

•

அஷ்பாக் கிண்ணியாக்காரன். வயது நாற்பத்தைந்து. உட்துறைமுக வீதியில் பட்டறை வைத்திருக்கிறான். தகரம் தட்டுவான், எஞ்சின் இறக்குவான், ஓட்டோ ஓட்டுவான். ஒரு நேரத்தில் மூன்றையும் செய்யாதபோது வாய் வேலை செய்யும். வாகன மதிப்பீட்டு வேலையை விட்டு, இராகுலன் இப்படி மற்றவர்களுக்காகத் துப்புத் தேடத் தொடங்கிய நாளில் இருந்து அவனுக்குத் துணையும் இவன்தான். இராகுலன் அவனை அண்ணன் என்ற முறையில் 'நானா' என்று கூப்பிடுவான்.

"நானா, இண்டைக்கு நீங்கள் என்ர மெக்கானிக்."

"நான் எண்டைக்கும் மெக்கானிக்தான் தம்பி. இண்டைக்கு நீங்கதான் காசுள்ள ஆள் மாதிரி நடிக்கணும். அதுதான் பயமா இரிக்கி."

"ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிற ஆள் மாதிரி இல்லையோ?"

"ஸ்போர்ட்ஸ் காரில அடிபட்ட ஆள் மாதிரி இரிக்கிறீங்க. ஏறுங்க." ஓட்டோவைக் கிளப்பினான். "ஒண்டு மட்டும் சொல்லிட்டன். நான் நோன்பு. நோன்பு வாயால பொய் சொல்லமாட்டன். நீங்க என்ன வேசமும் போடுங்க."

"பொய் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

"அது அதைவிடக் கஷ்டம். கேக்காததுக்குத்தான் எனக்குப் பதில் நல்லா வரும்."

உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ முக்கியது. இராகுலன் பையைத் திறந்து தாளில் சுற்றியதைக் காட்டினான். அஷ்பாக் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்தினான். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் கிடந்தது.

"இது அந்தப் புள்ளையிட..."

"ஓம்."

"ஒண்டரை மாசம். எனக்கு இது தெரியும். நான் ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல, தம்பி?"

"ஆளைப் பற்றிக் கேட்டாங்கள். காரைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல."

அஷ்பாக் ஓட்டோவைத் திரும்பக் கிளப்பி, ரஜீவனின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

•

ரஜீவன் வாசலுக்கு வந்து வரவேற்றான். மடிப்புக் கலையாத சட்டை. மெல்லிய குரல். விறாந்தையில் சுகந்தினியின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலையும் சின்ன மின்விளக்கும் போட்டிருந்தது. விளக்கு எரிந்தது. இராகுலன் அதை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான். பொக்கற்றில் இருந்த கைபேசியை எடுத்து, நேரம் பார்ப்பதுபோல் ஒரு இலக்கத்தை அழுத்தித் திரும்ப வைத்தான். பத்து மணி.

"தேத்தண்ணி?"

"நான் நோன்பு," என்றான் அஷ்பாக். "காரைக் காட்டுங்க. பசி மறந்திரும்."

கார் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில் நின்றது. மூக்குச் சுவரைப் பார்த்திருந்தது. பொலிஸார் நிலாவெளியில் இருந்து லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து அப்படியே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். தகட்டில் பழைய ஸ்ரீ இலக்கம். கூரையின் கன்வஸ் மூன்று இடத்தில் கிழிந்து, ஒரு இடத்தில் மட்டும் கவனமாகத் தைத்திருந்தது. பெண் கைத் தையல்.

அஷ்பாக் லேஞ்சித் துணிக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றிக் கதவில் வைத்தான். ஒட்டியது. கதவுக்குக் கீழே வைத்தான். விழுந்தது.

"பட்டி," என்றான். "மற்றப் பக்கமும் பட்டி. தம்பி, இது கார் இல்ல, கேக். தகரத்தை எடுத்திட்டு ஐசிங் போட்டிரிக்கி."

"பழைய வாகனம்தானே," என்றான் ரஜீவன்.

"சீற்றுக்குக் கீழ பாருங்க, றோட்டுத் தெரியுது. காசு விழுந்தா நிப்பாட்டாம இறங்கி எடுக்கலாம்." குனிந்து எழும்பினான். "ஆனா எஞ்சின் நல்லம். அதில குறை சொன்னா எனக்குப் பாவம்."

ரஜீவன் சிரித்தான். "இந்த மாதிரிக் கார்கள் தெரியுமோ உங்களுக்கு?"

"இந்த மாதிரிக் கார்கள் தெரியாது சேர். இந்தக் கார் நல்லாத் தெரியும். இதுட அடிவயித்தைப் பாத்த ஆள் நான்."

பீற்றிக்கொள்ளும் மெக்கானிக்கைப் பார்ப்பதுபோல் ரஜீவன் அவனைப் பார்த்தான். இராகுலன் முன்னுக்கு வந்தான்.

"ஐஞ்சு," என்றான்.

"சரி."

ஒரு லட்சத்தை ஒரு மூச்சில் விட்டான். மீன் சந்தையில் ஒரு கூறு சூடை மீனுக்கே இதைவிட நீளமாகப் பேரம் நடக்கும். அஷ்பாக் காந்தத்தை லேஞ்சிக்குள் திரும்பச் சுற்றினான்.

"ஏன் விக்கிறியள்?" என்று கேட்டான் இராகுலன்.

ரஜீவன் படம் இருந்த பக்கம் திரும்பினான். "என்ர மனிசி கடைசியாச் சொன்னது அதுதான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. 'இதின்ர அருமை தெரிஞ்ச ஒராளிட்டக் குடுங்கோ, நீங்கள் நிம்மதியா இருங்கோ' எண்டு."

"அந்தச் சொல்லிலயே?"

"அந்தச் சொல்லிலயே." கண் கலங்கியிருந்தது.

இராகுலனின் மனைவி கஜானியின் செத்தவீட்டில் எல்லாரும் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உங்கட மனிசி கடைசியா என்ன சொன்னவ? 'என்னை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ எண்டு சொன்னவ' என்று அவன் சொன்னான். பெரியம்மா நெஞ்சில் அடித்து அழுதாள். கேட்டவர்கள் ஆறுதலோடு கதிரையில் போய் இருந்தார்கள். அது அவன் செய்த வசனம். செய்த வசனத்தில் பிசிறு இருக்காது. செய்தவனுக்கு அதன் பளபளப்புத் தெரியும்.

ஆனால் அவன் அதைத் துக்கத்தில் செய்தான். இந்த மனிதன் எதில் செய்தான்?

"வெளிச்சத்தில ஒருக்காப் பாக்கவேணும்," என்றான்.

ரஜீவன் கார்த் திறப்பைக் கொடுத்தான். இராகுலன் சாரதி இருக்கையில் இறங்கி இருந்தான். முதல் தரத்தில் எஞ்சின் இருமியது, இரண்டாம் தரத்தில் பற்றியது. அவன் கை கியரைத் தொடுவதற்கு முன், ரஜீவன் சுவருக்கும் காருக்கும் இடையில் நுழைந்து, இரண்டு உள்ளங்கையையும் முன்மூடியில் ஊன்றித் தள்ளத் தயாராக நின்றான்.

"என்ன செய்யிறியள்?"

"தள்ளத்தான் வேணும். ரிவேர்ஸ் கியர் விழாது. முதலே சொல்லிப்போடுறன், பிறகு என்னில குறை சொல்லக்கூடாது."

அஷ்பாக் மெதுவாக அல்லாஹ்வின் பெயரைச் சொன்னான்.

அன்று அதுவரை ரஜீவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். இராகுலன் எஞ்சினை நிறுத்தினான்.

"எவ்வளவு காலமா விழுறேல்ல?"

"கனகாலம். ரெண்டு வருசம் இருக்கும்."

"நானா, ரெண்டு வருசமோ?"

"இல்ல," என்றான் அஷ்பாக். "ஜனவரி இருபது. பகல் பதினொரு மணி. அதுக்கு முதல் நாள்தான் பல்லு உடைஞ்சது. கழட்டினது நான்."

ரஜீவனின் கைகள் முன்மூடியில் இருந்தபடியே இருந்தன. "ஆர் இவர்?"

"சொன்னேனே சேர். அடிவயித்தைப் பாத்த ஆள்."

இராகுலன் இறங்கினான். பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து ரஜீவனின் கைகளுக்கு இடையில் வைத்தான். ஒரு சின்னப் பல்சில்லு, கியர்பெட்டிக்குள் சுழலும் சக்கரம். மூன்று பல் இல்லை.

"இதுதான் இந்தக் காரின்ர ரிவேர்ஸ். இது இல்லாமலும் கார் முன்னுக்கு ஓடும். இருபதாம் திகதி பின்னேரம் இது கொழும்புக்கு பஸ் ஏறினது. இண்டைக்கு விடியத்தான் திரும்பி வந்தது. இது பழுதெண்டு மூண்டு பேருக்குத்தான் தெரியும். உங்கட மனிசி, அவவின்ர தங்கச்சி, இந்த நானா. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சுகந்திதான் சொன்னவ."

"எப்ப?"

ரஜீவன் முன்மூடியில் இருந்து கைகளை எடுத்தான்.

"ஐஞ்சு நாளாக் கதை இல்லையெண்டு எழுதிக் குடுத்திருக்கிறியள். போனிலயும் இல்லை. இரவு நீங்கள் வரேக்க படுத்திட்டா. விடிய ஆள் இல்லை. எப்ப ரிவேர்ஸைப் பற்றிச் சொன்னவ? எப்ப கையைப் பிடிச்சவ?"

"அவ... பொலிஸ்காரர் சொன்னவங்கள். கொண்டுவரேக்க."

"அவங்கள் ஸ்ராட் பண்ணவே இல்லை. கட்டி இழுத்து லொறியில ஏத்தினவங்கள். இன்ஸ்பெக்டரிட்டக் கேட்டிட்டுத்தான் வந்தனான்."

அஷ்பாக் காரின் பின்பக்கத்தில் நின்றான். பகிடி முகத்தில் இருந்து வடிந்துபோயிருந்தது. "ரிவேர்ஸ் பூட்டுற வரைக்கும் மூக்கு வெளிய பாக்கத்தான் நிப்பாட்டணும்ண்டு நான் அந்தப் புள்ளைக்குச் சொன்னன். மரத்துக்கு முன்னால, சுவருக்கு முன்னால கொண்டுபோகாதீங்கண்டு. தெரியும்ண்டு சிரிச்சுச்சு."

"சாகப் போனவளுக்கு ரிவேர்ஸ் எதுக்கு?" என்றான் ரஜீவன். குரல் இப்போது மெல்லியதாக இல்லை. "எப்படியும் நிப்பாட்டியிருப்பாள்."

"சரி," என்றான் இராகுலன். "சாகப் போன ஆளுக்குத் தேவையில்லை. திரும்பி வரவேண்டிய ஆளுக்குத்தான் தேவை. ரிவேர்ஸ் போட்டுப் பாத்த ஆளுக்குத்தான் அது விழாதெண்டு தெரியும். நீங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு போனீங்கள். காரைச் சவுக்குக்குள்ள விட்டீங்கள். எல்லாம் முடிய, காரை எடுத்துக்கொண்டு வீட்டை வரப் பாத்தீங்கள். வந்திருந்தா, அவ பஸ்ஸில போய்க் கடலில இறங்கினவ எண்டு சொல்லியிருப்பீங்கள். அவ காரில போன கதை நீங்கள் முதல் நினைச்ச கதை இல்லை. கார் வரமாட்டன் எண்டதால வந்த கதை."

துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது. ரஜீவன் பல்சில்லைக் கையில் எடுத்து, பல் உடைந்த இடத்தில் விரலை வைத்தான்.

"மணல்," என்றான் கடைசியில். "சில்லு மணலுக்குள்ள இறங்கிட்டு. ஒராளாத் தள்ள ஏலாது."

யாரும் அவனிடம் மணலைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

"அவளின்ர பேரில இருக்கிற வீட்டை வித்திட்டு வெளிநாடு போவம் எண்டுதான் கேட்டனான்," என்றான். "ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டனான்."

இராகுலன் பொக்கற்றில் இருந்து கைபேசியை எடுத்தான். இணைப்பு அறுபடாமல் இருந்தது. "கேட்டுதோ?"

மறுபக்கத்தில் ஒரு பெண் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல். "கேற்றடியில நிக்கிறம்."

•

ரஜீவனை ஏற்றிய ஜீப் போன பிறகு, சஜீத்தும் ஒரு கொன்ஸ்தாபிளும் இவர்கள் இருவருமாகக் காரை வெயிலுக்குத் தள்ளினார்கள். நான்கு பேர் தேவைப்பட்டார்கள். கார் இனி வழக்குப் பொருள். முடியும்வரை பொலிஸ் முற்றத்தில் நிற்கும். இராகுலன் கடித உறையைப் பிரியதர்சினியிடம் திருப்பிக் கொடுத்தான்.

"வழக்கு முடியட்டும். பிறகு ஆரும் உங்களுக்கு விக்கத் தேவையில்லை."

அவள் தலையாட்டினாள். கூரையின் தையலில் விரலை ஓட்டிக்கொண்டு அஷ்பாக்கிடம் திரும்பினாள்.

"நானா, அக்கா உங்களிட்டத்தானே கடைசியாக் காரைக் கொண்டுவந்தவ. ஏதும் சொன்னவவோ? என்னைப் பற்றி, அப்பாவைப் பற்றி?"

அஷ்பாக் இராகுலனைப் பார்த்தான். நோன்பு இல்லாத நாளாக இருந்திருந்தால் நல்லதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்திருப்பான்.

"திங்கக்கிழமை வாறன் நானாண்டு சொன்னா. பிறகு, உங்கட ஓட்டோவை வழியில இருந்து எடுங்க, எனக்கு ரிவேர்ஸ் இல்லயேண்டு சொன்னா. அவ்வளவுதான் மகள்."

பிரியதர்சினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவில் உடைந்தது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இராகுலன் கொட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றரை மாதமாக அவள் தேடிய அக்கா அந்த இரண்டு வரியில் இருந்தாள். ரஜீவன் செய்த வசனத்தில் இல்லை.

திரும்பி வரும்போது ஏற்றம் இறக்கமாக இருந்தது. அஷ்பாக் எஞ்சினை நிறுத்தி ஓட்டோவை உருளவிட்டான். காற்றுச் சத்தம் மட்டும்.

"தம்பி, கோபிக்காதீங்க. செத்தவீட்டில நீங்க சொன்ன கதை. கஜானி தங்கச்சி கடைசியாச் சொன்னது. அது பொய்தானே?"

"ஓம்."

"எனக்கு அப்பவே தெரியும். அந்தப் புள்ள அப்பிடி நீட்டிக் கதைக்கிற ஆள் இல்ல." கொஞ்ச தூரம் போனான். "நான்தான் நோன்பு. நீங்க இல்ல. விருப்பமில்லாட்டிச் சொல்லவேணாம்."

கீழே சந்தியில் ஒரு மின்சாதனக் கடை திறந்திருந்தது. வெளியே விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டு, பகலிலும் எரியவிட்டிருந்தார்கள். பதினொரு மாதத்துக்கு முன் இராகுலன் அந்தக் கடையில்தான் வாங்கினான். வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருந்து, கஜானி ரீச்சர் மயங்கி விழுந்துவிட்டா என்று அழைப்பு வந்தது. அதற்கு முந்திய அழைப்பு அவளுடையது. இடைவேளை மணிக்கு எடுத்திருந்தாள். பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலால் சத்தம் போட்டுக் கதைத்தாள். முப்பது விநாடி.

"சொல்லுங்க," என்றான் அஷ்பாக்.

இராகுலன் பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அதை வாயால் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல்.

"குசினி பல்ப் எரிஞ்சுபோச்சு. வரேக்க ஒண்டு வேண்டிக்கொண்டு வாங்கோ. மஞ்சள் வேண்டாம், வெள்ளை."